சேவியரின் இரண்டாவது பாட்டில்

சென்ற சனிக்கிழமை ஒரு பீர் பாட்டிலுக்கு சீட் பெல்ட் போட்டுவிட்டேன்.

சிரிக்காதீர்கள். கெலாங் பாத்தாவிலிருந்து கூலாய்க்கு அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியிருந்தது. கடையில் வாங்கிய பீர் என்றால் பின்னால் போட்டுவிட்டு மறந்துவிடலாம். இது வீட்டில் காய்ச்சியது. அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும், குலுங்கினால் கலங்கிவிடும். அதிலும் இந்தப் பாட்டில் கொஞ்சம் அவசரமாக அடைக்கப்பட்டது. உள்ளே காற்று சேர்ந்து வெடித்தாலும் வெடிக்கும். அதனால் முன் சீட்டில் நிற்க வைத்து, இரண்டு பக்கமும் துண்டைச் சுருட்டி முட்டுக்கொடுத்து, பெல்ட்டையும் இழுத்து மாட்டினேன். செனாய் தாண்டும்வரை வலது பாதைக்கே போகவில்லை. பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும்.

பாட்டிலைக் காய்ச்சியவர் சேவியர். அவர் இறந்து இரண்டு மாதம் ஆகிறது.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் – நான் ஆண்டுக்கு ஒரு நாள் பீர் நடுவர். முதல் தடவை இதைப் பற்றி எழுதியபோது, 'உங்கள் மேல் வைத்திருந்த மரியாதையில் பாதி போய்விட்டது' என்று ஒரு வாசகர் எழுதினார். மீதிப் பாதி இன்றைக்குப் போகலாம்.

புதியவர்களுக்காகச் சுருக்கமாக. நான் பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்தவள். வெண்ணெய் கெட்டுவிட்டதா, எண்ணெய் பழசா என்று மூக்கை வைத்தே சொல்ல வேண்டும். என் மூக்கைப் பற்றி யாரோ குணாவிடம் சொல்லியிருக்கிறார்கள். குணா கெலாங் பாத்தாவில் இருப்பவர். சிங்கப்பூரில் விமானம் பழுதுபார்க்கும் வேலை. வீட்டில் பீர் காய்ச்சும் நண்பர்களைச் சேர்த்து ஆண்டுக்கு ஒரு முறை போட்டி நடத்துகிறார். விற்பனை கிடையாது, விளம்பரம் கிடையாது. அவர் வீட்டு கார் நிறுத்தும் இடம்தான் அரங்கம். நடுவர்கள் எல்லோரும் தொண்டூழியர்கள். எங்களுக்குக் கிடைப்பது மதியம் ஒரு பிரியாணிப் பொட்டலமும் அளவு சரியில்லாத ஒரு டி-ஷர்ட்டும்.

ஆனால் விதிகளைப் பார்த்தால் உயர்நீதிமன்றம் தோற்றுப்போகும். சென்ட் போடக் கூடாது. லிப்ஸ்டிக் கூடாது. காலையில் காரச் சம்பல் சாப்பிடக் கூடாது. ஒரு வருடம் லிம் – எங்களில் மூத்த நடுவர் – நெற்றியில் மின்யாக் தைலம் தேய்த்துக்கொண்டு வந்தார். குணா அவரை முகம் கழுவ அனுப்பினார். அன்றைக்கே தலையில் மல்லிகைப் பூவோடு போன என்னையும் அனுப்பினார்.

ஒவ்வொரு போட்டியாளரும் இரண்டு பாட்டில் தர வேண்டும். லேபிள் கிடையாது. மூடியில் எழுத்து இருந்தால் மார்க்கர் பேனாவால் கறுப்படித்துவிடுவார் குணா. எண் மட்டும்தான். முதல் பாட்டில் முதல் சுற்றுக்கு. இரண்டாவது பாட்டில், அந்த பீர் இறுதிச் சுற்றுக்குப் போனால் திறப்பதற்கு. போகாவிட்டால் அது அப்படியே கிடக்கும்.

ஒரு மேசைக்கு இரண்டு நடுவர்கள். முகர வேண்டும், இரண்டு மடக்கு குடிக்க வேண்டும், எழுத வேண்டும். இருவரும் எழுதி முடிக்கும்வரை பேசக் கூடாது. முகத்தைக்கூட சுளிக்கக் கூடாது – பக்கத்தில் இருப்பவர் பார்த்துவிடுவார். பாட்டிலில் மீதியிருப்பது மேசைக்குக் கீழே இருக்கும் வாளிக்கு. யாரோ ஒருவர் பல ஞாயிற்றுக்கிழமைகளைக் கொட்டிக் காய்ச்சியது... நாங்கள் இரண்டு மடக்கு குடித்துவிட்டு வாளியில் ஊற்றிவிடுவோம்.

என் மேசையில் பல வருடமாக என்னோடு உட்கார்ந்தவர் சேவியர். செனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பராமரிப்பவர். அதிகம் பேசமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு முகர்வார். மற்றவர்கள் பாண்டான் இலை, குலா மலாக்கா வெல்லம், டுரியான் பழம் என்று எதையாவது பீரில் போட்டுக்கொண்டு வருவார்கள். அவருக்கு அது பிடிக்காது. "சிஸ்டர், இது பீரா பலகாரமா" என்று என் காதில் மட்டும் கேட்பார். அவர் வீட்டில் காய்ச்சுவது எதுவும் சேர்க்காத, பொன்னிறமான, சாதாரண பீர். நடுவர்களும் போட்டிக்குத் தரலாம்; அவரவர் பீர் மட்டும் வேறு மேசைக்குப் போகும்.

அவரிடமிருந்து நான் அடிக்கடி கேட்டது ஒரே ஒரு வரி. அதைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் ரகசியம் சொல்ல வேண்டும். பீர் வாளியில் நொதிக்கும்போது ஈஸ்ட் தன் வேலையை முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பாதி வேலையில் பாட்டிலில் அடைத்தால் பச்சை ஆப்பிளை வெட்டியதுபோல் ஒரு வாடை வரும். கெட்டுப்போனது இல்லை; அவசரத்தின் வாடை. அந்த வாடை வந்தால் சேவியர் தாளில் தவறாமல் எழுதுவார்: 'இன்னும் இரண்டு வாரம் பொறுத்திருக்கலாம்.'

சொன்னபடி நடந்தவரும்கூட. ஒரு வருடம் வேலை மிகுதியால் தாமதமாகக் காய்ச்சினார். போட்டி நாளுக்குள் பீர் பக்குவமாகவில்லை. போட்டிக்குத் தரவே இல்லை. "என்னா அவசரம் சிஸ்டர், அடுத்த வருஷம் இருக்குல்ல" என்றார்.

இந்த வருடப் போட்டிக்கு அவர் நடுவராக வரவில்லை. நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றார் குணா. அவர் நாற்காலியில் லிம் உட்கார்ந்தார்.

மதியத்துக்கு மேல் ஒரு பாட்டில் வந்தது. எண் இருபத்து மூன்று. மூக்குக்குக் கொண்டுபோனதும் தெரிந்துவிட்டது. பச்சை ஆப்பிள். இருவரும் எழுதி முடித்தோம். பிறகு லிம்மைப் பார்த்து, "இந்த ஆளுக்கு என்ன அவசரம், பஸ் போய்விடுமா" என்று மலாயில் கேட்டேன். லிம் வாய்விட்டுச் சிரித்தார். சேவியர் இருந்தால் என்ன எழுதியிருப்பார் தெரியுமா என்று கேட்டார். தெரியாதா எனக்கு? அதைத்தான் எழுதியிருந்தேன். என் நண்பருக்கு ஒரு வணக்கம்போல, அவர் வரியை அப்படியே. மீதி பீர் வாளிக்குப் போனது.

சாயங்காலம் குணா எண்களுக்கு உரிய பெயர்களைப் படித்தார். இருபத்து மூன்று வந்ததும் என்னைப் பார்த்தார்.

"சிஸ்டர், அது சேவியர் அண்ணனோடது."

உடம்பு முடியாதவர், ஏதோ கணக்குத் தப்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வேறென்ன நினைப்பது? வழக்கப்படி குணா எல்லோருக்கும் அவரவர் தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சேவியருக்கும் போனது. கொஞ்ச நாளில் அவர் இறந்துபோனார்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். மாதா கோயில் வாசலில் உறவினர்கள் சிலர், பீர் காய்ச்சிக் காய்ச்சித்தான் இந்த கதி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். பீருக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க நாக்கு துடித்தது. அப்போதுதான் எனக்கே தெரியும், அது நீர் மட்டும் இல்லை என்று. அவர் மனைவி ஸ்டெல்லாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

அந்த ஸ்டெல்லாதான் குணாவுக்கு போன் பண்ணியிருக்கிறார். இன்னொரு பாட்டில் இருக்குமாமே, அது கிடைக்குமா என்று. நான் ஒரு கல்யாணத்துக்காக அந்தப் பக்கம் போயிருந்தேன். திரும்பும் வழியில் கூலாய் இருக்கிறது. குணா மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரியிலிருந்து பாட்டிலை எடுத்து வந்து தந்தார்.

"இத குடுக்க வந்தப்பவே அண்ணனுக்கு மூச்சு வாங்குச்சு சிஸ்டர். இன்னும் பக்குவமாகலன்னு அவரே சொன்னாரு. அப்போ அடுத்த வருஷம் குடுங்க அண்ணேன்னு சொன்னேன். இல்ல தம்பி, இந்த வருஷமே இருக்கட்டும்னுட்டாரு."

காரில் வரும்போது இதை நான் பெரிதாக யோசிக்கவில்லை. பாட்டில் வெடிக்காமல் இருந்தால் போதும் என்பதுதான் என் கவலை.

கூலாயில் அந்தத் தாமான் குடியிருப்பில் எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கும். ஸ்டெல்லா கேட்டருகில் நின்றிருந்ததால் கண்டுபிடித்தேன். பின்பக்க சமையலறைக்கு அழைத்துப்போனார். அங்குதான் சேவியர் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து காய்ச்சுவாராம். பீர் நொதிக்கும் பெரிய வெள்ளை வாளி ஓரமாக இருந்தது. அதில் இப்போது அரிசி.

"தூக்கிப் போட மனசு வரல, அக்கா. சும்மா கெடந்தாலும் பாக்க முடியல. அதான் அரிசிய கொட்டிட்டேன்."

பாட்டிலை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. கோப்பி கலக்கி என் முன்னால் வைத்தார். உட்கார்ந்தார்.

"அக்கா, ஒங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் ஒங்களையே கொண்டாந்து குடுக்கச் சொல்லி குணாகிட்ட கேட்டேன்."

"கேளுங்க."

"ஆஸ்பத்திரில இருந்தப்ப குணா ஒரு படம் அனுப்புனாரு. நீங்க எழுதுனது. அவருக்குக் கண்ணாடி போட்டுவிட்டு நான்தான் போன புடிச்சுக்கிட்டு நின்னேன். படிச்சாரு. படிச்சிட்டு சிரிச்சாரு, அக்கா. அதுக்கு முன்னால பத்துப் பதினஞ்சு நாளா மொகத்துல சிரிப்பே இல்ல. இருமல் வர்ற வரைக்கும் சிரிச்சாரு. என்னா எழுதிருக்குன்னு பாத்தேன். இன்னும் ரெண்டு வாரம் பொறுத்திருக்கலாம்னு இருந்துச்சு. இதுல என்னா சிரிப்புன்னு கேட்டேன். சொல்லல. என் கைய தட்டிக் குடுத்தாரு, அவ்ளோதான். ஏன் சிரிச்சாருன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அது அவர் எல்லோருக்கும் எழுதும் வரி என்றும், அவர் வரியை அவருக்கே நான் தெரியாமல் எழுதிவிட்டேன் என்றும் சொன்னேன். ஸ்டெல்லாவின் முகம் லேசாகத் தெளிந்தது.

"அதான் சிரிச்சாரா. நல்ல வேள. எனக்கு என்னென்னமோ தோணுச்சு."

"என்ன தோணுச்சு?"

அவர் அரிசி வாளியைப் பார்த்தார்.

"அவருக்கு என்னா நோவுன்னு அவர்கிட்ட நாங்க சொல்லல, அக்கா. டாக்டர் என்னையும் அவர் தம்பியையும் கூப்ட்டுத்தான் சொன்னாரு. ரொம்ப நாள் இல்லன்னாரு. நான்தான் டாக்டர் கால்ல விழாத கொறயா கெஞ்சுனேன், அவர்கிட்ட சொல்லிராதீங்கன்னு. நெஞ்சுச் சளி, நீர் எடுத்தா சரியாயிரும்னு சொல்லி வெச்சிருந்தோம். அவரும் சரி சரின்னு கேட்டுக்கிட்டாரு. கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. பயமில்லாம போனாரு. அது ஒண்ணுதான் இப்ப எனக்கு ஆறுதல்."

கோப்பி என் கையிலேயே ஆறியது.

ஏனென்றால் அந்த நிமிடத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. பச்சை ஆப்பிள் வாடையைப் பத்தடி தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிற மனிதர். பக்குவமாகாத பீரைப் போட்டிக்குத் தராமல் ஒரு வருடம் காத்திருந்த மனிதர். அவர் போய், பக்குவமாகவில்லை என்று தன் வாயாலேயே சொல்லிக்கொண்டு அதே பீரைக் கொடுத்திருக்கிறார். இந்த வருஷமே இருக்கட்டும் என்றிருக்கிறார். கணக்குத் தப்பவே இல்லை. அடுத்த வருடம் இல்லை என்று அவருக்குத் தெரியும். அவரிடம் போய் நான் பொறுத்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறேன். சிரிக்காமல் என்ன செய்வார்?

சொல்வதா? ஒரு பெண்ணிடம் மிச்சமிருக்கும் ஒரே ஆறுதலைப் பிடுங்கவா நான் பெல்ட் எல்லாம் போட்டு இந்தப் பாட்டிலைக் கொண்டுவந்தேன்? வாயை மூடிக்கொண்டிருப்பது என்று முடிவு செய்தேன். பீர் மேசையில் எத்தனை வருடம் முகத்தை அசைக்காமல் உட்கார்ந்து பழகியிருக்கிறேன்... இன்றைக்கு முடியாதா?

"தொறக்கலாமா?" என்று கேட்டார் ஸ்டெல்லா. "ஒரு நாளும் நான் குடிச்சதில்ல. வீடெல்லாம் ஹார்லிக்ஸ் கருகின மாதிரி வாட அடிக்குதுன்னு சண்டதான் போட்டிருக்கேன். என்னாதான் செஞ்சாருன்னு ஒரு தடவயாவது பாக்கணும்."

பொங்கிவிடும் என்ற பயத்தில் பாட்டிலை சிங்க்கில் வைத்துத் திறந்தேன். பொங்கவில்லை. அடக்கமாக ஒரு மூச்சு விட்டது, அவ்வளவுதான். அடியில் இருப்பது கலங்காமல் இரண்டு கண்ணாடி டம்ளரில் சாய்த்து ஊற்றினேன். நல்ல பொன்னிறம். மூக்கருகே கொண்டுபோனேன்.

பச்சை ஆப்பிள் இல்லை.

துளிகூட இல்லை. சுட்ட ரொட்டியின் வாசமும் கொஞ்சம் பூ வாசமும்தான் இருந்தது. போட்டி முடிந்து அலமாரி இருட்டில் கிடந்த நாட்களில், பாட்டிலுக்குள் இருந்த ஈஸ்ட் பாதியில் விட்ட வேலையைத் தானாகவே செய்து முடித்திருக்கிறது. அப்படி நடப்பது உண்டு என்று எனக்குத் தெரியும். இவ்வளவு சுத்தமாக நடந்து நான் பார்த்ததில்லை. ஒரு மடக்கு குடித்தேன். சேவியரின் பீரேதான்.

நடுவர் புத்தி இருக்கிறதே, அது சனியன். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அந்த வாடை போயிருச்சு, ஸ்டெல்லா. இப்ப ரொம்ப நல்லா இருக்கு."

அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். உதட்டில் வைத்து ஒரு சொட்டு எடுத்தார். முகம் சுளித்தார். இன்னொரு சொட்டு எடுத்தார்.

"அப்போ, வெச்சிருந்தா சரியாயிருமா இது?"

"ஆமா."

"அது அவருக்குத் தெரியாதா?"

நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அடுத்த வருஷம் குடுத்திருக்கலாம்ல? முன்ன ஒரு தடவ அப்படித்தான செஞ்சாரு. அப்ப இதுக்கு மட்டும் என்னா அவ..."

நிறுத்திவிட்டார். நான் நிமிர்ந்து பார்த்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகப் பேசினார்.

"ஆஸ்பத்திரில படுக்கறதுக்கு முன்ன வாரம் கேஸ் டியூப மாத்துனாரு. இன்னும் நல்லாத்தான இருக்குன்னேன். தண்ணி மெயின் பைப் எங்க இருக்கு, எப்படி மூடணும்னு என்னைய கூட்டிட்டுப் போயி காட்டுனாரு. லைட்டு கட்டானா எந்த சுவிட்ச தூக்கணும்னு காட்டுனாரு. இப்ப எதுக்கு இதெல்லாம்னு கேட்டேன். சும்மாலா, தெரிஞ்சி வெச்சிக்கன்னாரு."

குழாயில் நீர் சொட்டும் சத்தம்கூட இல்லை. எல்லாவற்றையும் சரியாக இறுக்கிவிட்டுத்தான் போயிருந்தார் மனிதர்.

"தெரிஞ்சிருக்கு, அக்கா. எல்லாம் தெரிஞ்சிருக்கு. நான் மறைக்கிறதுக்கு எவ்ளோ கஷ்டப்படறேன்னும் தெரிஞ்சிருக்கு. அதான் தெரியாத மாதிரியே இருந்திருக்காரு."

"ஸ்டெல்லா..."

"நான் டாய்லெட்ல தண்ணிய தொறந்து விட்டுட்டு அழுவேன். வெளிய வந்தா டிவிய சத்தமா வெச்சிருப்பாரு. காது மந்தமாயிருச்சுன்னு நெனச்சேன்."

அதற்குப் பிறகு அவர் அழுதார். நானும் அழுதேன்; அதை மறைப்பானேன். கொஞ்சம் ஓய்ந்ததும் அவர் சொன்னது இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

"ரெண்டு பேரும் ஒண்ணா ஒக்காந்து ஒரே ஒரு தடவ அழுதிருக்கலாம், அக்கா. அத நான் கெடுத்துட்டேன். அவரும் கெடுத்துட்டாரு."

நீங்கள் அன்பினால்தான் செய்தீர்கள் என்று சொன்னேன். உண்மைதான். ஆனால் அந்த நேரத்தில் அது ஒட்டவில்லை. எனக்கே கேட்டது, ஒட்டவில்லை என்று.

ஸ்டெல்லா மூக்கைத் துடைத்துக்கொண்டு டம்ளரை எடுத்தார். கசக்குது, கசக்குது என்று சொல்லிக்கொண்டே முழுவதையும் குடித்தார். பாட்டிலின் அடியில் கலங்கல் கொஞ்சம் இருந்தது. பாட்டிலை வாஷ் பண்ணி வைக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு எழுந்தேன். வேண்டாம் என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டார். அந்தக் கலங்கலையும் தன் டம்ளரிலேயே ஊற்றிக்கொண்டார். போட்டி மேசையில் எத்தனையோ பாட்டில்களை வாளியில் கவிழ்த்திருக்கிறேன். ஒரு சொட்டு வீணாகாமல் காலியான பாட்டிலை அன்றுதான் பார்த்தேன்.

கிளம்பும்போது கார் வரைக்கும் வந்தார். இதை எழுதட்டுமா என்று கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அவரே சொன்னார்.

"எழுதுங்க, அக்கா. எங்க பேரையெல்லாம் மாத்திருங்க. ஆனா எழுதுங்க. இப்பவும் எந்த வீட்லயாவது ஒருத்தி தண்ணிய தொறந்து விட்டுட்டு அழுதுக்கிட்டு இருப்பா."

பெயர்களை மாற்றிவிட்டேன். ஊர் போகும் வழியெல்லாம் பக்கத்து சீட்டில் அந்த பெல்ட் மாட்டியபடியே இருந்தது. கழற்றத் தோன்றவில்லை.

உங்கள் வீட்டிலும் யாரிடமாவது இப்படி எதையாவது மறைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அவருக்குத் தெரியும்... குழாயை மூடிவிட்டு, போய்ப் பக்கத்தில் உட்காருங்கள்.